பூக்குழி விறகும் பிரேக் இல்லாத ரம்பமும்: செபராங் பிறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தெற்கே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் ஓர் அம்மன் கோயில். பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பாதி நிலத்தில் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி எழும்பியது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இப்போது இல்லை, கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. சித்திரையில் தீமிதி. புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த், கூலிம் என்று சிதறிப்போன பழைய தோட்டத்துக் குடும்பங்கள் அன்றைக்கு வந்து கூடிவிடும்.

பூக்குழிக்கு வேண்டிய விறகைக் கோயில் நிர்வாகம் ஆண்டுதோறும் ஒரு குத்தகைக்காரரிடம் வாங்கி வந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. வந்த விறகும் பல நேரம் ஈரமாக இருந்தது. இந்த நிகழ்வு நடந்த ஆண்டில் சுங்கை பாக்காப் பக்கம் சிறுதோட்டம் வைத்திருக்கும் பக்தர் ஒருவர், மறுநடவுக்காகச் சாய்த்த பழைய ரப்பர் மரங்களை இலவசமாகவே தருவதாகச் சொன்னார். ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டு வரை பால் தரும். அதன் பிறகு சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைப்பார்கள். எக்ஸ்கவேட்டர் பெயர்த்துப் போட்ட அடிமரங்கள் லோரியில் வந்து கோயில் பின்புறம் குவிந்தன. அறுத்துப் பிளக்க வேண்டியது கோயில் இளைஞர் அணியின் பொறுப்பு.

கோயில் ஸ்டோரில் இரண்டு பழைய செயின்சாக்கள் கிடந்தன. ஒன்று 106 சிசி கொண்ட பெரியது. தோட்டத்தை அழித்துச் செம்பனை போட்ட காலத்தில் மரக் குத்தகைக்காரர்கள் பயன்படுத்தியது. செயின் சுற்றி ஓடும் நீள இரும்புத் தகடான பாரும், செயினும் மாட்டாமலேயே 10 கிலோவுக்கு மேல் எடை. மற்றது 60 சிசிக்குச் சற்று அதிகமான நடுத்தர ரம்பம், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது. இரண்டும் ஆண்டுக்கணக்கில் துணி சுற்றிக் கிடந்தவை.

நான் புல்வெட்டி, செயின்சா போன்ற சின்ன இன்ஜின்களைப் பழுது பார்ப்பவன். கீழே சொல்லும் முதல் சம்பவத்துக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தையதை இளைஞர்களும் கோயில் தலைவரும் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களையும் கோயிலின் பெயரையும் விட்டுவிட்டேன்.

முதல் ஞாயிறு

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. நடுத்தர ரம்பம் உடனே கிளம்பியது, ஆனால் நிலையாக நிற்கவில்லை. சும்மா விட்டால் வேகம் தானாக ஏறும், பிறகு அணைந்துபோகும். இளைஞர்களில் ஒருவர் கார்புரேட்டர் திருகை முறுக்கி முறுக்கி அதைக் கூச்சலிட வைத்தார். இரண்டு அடிமரம் அறுத்ததும் வலு குறைந்து நின்றது. சூடு ஆறிய பிறகு கிளம்பும், மறுபடி நிற்கும்.

ஆகவே பெரியதை எடுத்தார்கள். ஊரில் 70 வயது தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். வாலிபத்தில் அதே மாதிரி ரம்பத்தால் ஆயிரக்கணக்கான பால் மரங்களை அறுத்தவர். அவர் பெட்ரோல் கலந்து, பிளக்கைத் துடைத்து, கயிற்றை இழுத்துக் கிளப்பிக் கொடுத்தார். இயந்திரத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் நல்ல குவியல் சேர்ந்தது.

பத்தரை மணிக்குப் பெரியவர் தேநீர் குடிக்கப் போனார். இருபதைத் தாண்டிய ஓர் இளைஞர் ரம்பத்தை எடுத்தார். குவியலில் கிடந்த மரத்தை இழுத்துப் போடாமல், கிடந்த இடத்திலேயே அறுத்தார். பாரின் மூக்கு அந்த மரத்தைத் தாண்டிப் பின்னால் மறைந்திருந்த இன்னொரு மரத்தில் பட்டது. அந்தக் கணமே பார் மேல்நோக்கி எகிறி, அவருடைய இடது தோளுக்கு மேலாகப் பின்னால் போனது. சட்டையின் தோள்பட்டை கிழிந்திருந்தது, தோலில் கீறல் இல்லை. காலில் சிலிப்பர். தலையில் தொப்பிகூட இல்லை.

தலைவர் அங்கேயே வேலையை நிறுத்தினார். "அம்மா காப்பாத்திட்டா" என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். தலைவரும் அதையேதான் சொன்னார். ஆனால் ஸ்டோர் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு ரம்பத்தையும் மறுநாள் என் பட்டறைக்கு அனுப்பினார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் எண்ணம். திருவிழாவுக்கு மூன்று மாதமே இருந்தது. வடக்கே மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியிலேயே விறகைப் பிளந்து காயவைக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் முக்கியமான நேரத்தில் அவர் நிறுத்தினார்.

பட்டறையில் கண்டவை

பெரிய ரம்பத்தை முதலில் பார்த்தேன், ஏனென்றால் எகிறியது அதுதான். இன்ஜின் பழைய காலத்து உறுதியோடு இருந்தது. சிக்கல் வெட்டும் பகுதியில். செயினில் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் சின்ன முட்டு ஒன்று இருக்கும். பல் ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. இந்த வகைப் பெரிய செயினில் முட்டு பல்லைவிட 0.8 மில்லிமீட்டர் அளவு தாழ்ந்திருந்தால் போதும். இதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாழ்ந்திருந்தது. வேகமாகக் கடிக்கட்டும் என்று யாரோ தட்டை அரத்தால் ராவியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட செயின் மரத்தில் ஆழமாகக் கொத்தி மாட்டிக்கொள்ளும். பாரின் மூக்கில், அதுவும் மேல் பாதியில் பட்டால், கொத்திய வேகம் முழுவதும் பாரை, ரம்பம் பிடித்திருப்பவரை நோக்கித் திருப்பிவிடும். செயின் ஓடுவது நொடிக்கு 20 மீட்டர் அளவில். மனிதன் கண்ணால் கண்டு கையை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இரண்டாவது குறை, ரம்பம் எகிறினால் செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக்கே அதற்குக் கிடையாது. கழன்று விழவோ உடையவோ இல்லை. அந்த வடிவமைப்பிலேயே இல்லை. ஸ்டில் (Stihl), ஹஸ்க்வர்னா போன்ற ரம்ப நிறுவனங்கள் 1970களின் தொடக்கத்தில்தான் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தன. அதற்கு முந்தைய வடிவமைப்புகள் சில, பிரேக் இல்லாமலேயே நம் பக்கத்துக் காடுகளில் பல ஆண்டு ஓடின.

நடுத்தர ரம்பத்தில் பிரேக் உண்டு, ஆனால் வேலை செய்யவில்லை. முன்கைக் காப்புப் பிடி பாதியில் முறிந்திருந்தது. கிளட்ச் மூடியைக் கழற்றிப் பார்த்தால், டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டை துருவேறி, மரத்தூளும் எண்ணெயும் கெட்டியாகிப் படிந்து அசையாமல் கிடந்தது. செயின் அறுந்தால் பிடித்துக்கொள்ளும் கொக்கியும் காணோம்.

அடுத்து, ஏறி இறங்கும் அந்தச் சத்தம். பிளக்கைக் கழற்றியபோது முனை வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால்தான் அந்த நிறம் வரும். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துவாரம் வழியாக டார்ச் அடித்தேன். பிஸ்டனின் அந்தப் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் தேய்ந்து, ரிங் ஓரிடத்தில் பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்ரஷன் மீட்டர் 100 பிஎஸ்ஐ தொடவில்லை. நல்ல நிலையில் இருக்கும் ரம்பம் 150 பக்கம் காட்டும்.

பல பட்டறைகளில் இதோடு நின்றுவிடுவார்கள். பிஸ்டன் போய்விட்டது, புதுசு போடு, ஆயிற்று. ஆனால் பிஸ்டன் தானாகப் போகாது. எது அதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்காமல் புதுசு போட்டால், அதுவும் இதே மாதிரி கருகும்.

டூ-ஸ்டிரோக் இன்ஜினில் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு மசகு. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் அழுத்தமும் வெற்றிடமும் மாறி மாறி வரும். கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான சீல் இறுகிப்போய் எங்காவது காற்று உள்ளே புகுந்தால், கலவையில் பெட்ரோல் குறையும், கூடவே எண்ணெயும் குறையும். சூடு ஏறும். எக்ஸாஸ்ட் பக்கம்தான் ஏற்கெனவே சூடு அதிகம் என்பதால், அலுமினியம் அங்கே முதலில் இழுபடும். அந்த நிலையில் திருகை முறுக்கிக் கலவையில் பெட்ரோலை இன்னும் குறைத்ததால், ரம்பம் கத்தியது. அந்தக் கத்தல் வலு அல்ல.

காற்று எங்கே புகுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பழைய மோட்டார் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, சைலன்சர் இருந்த இடத்தில் வைத்து இறுக்கி எக்ஸாஸ்டை அடைத்தேன். கார்புரேட்டர் பக்கத்தையும் அடைத்து, சின்ன துவாரம் வழியாகக் கைப்பம்பால் 0.5 பார் (இங்கே அழுத்த அலகு) அழுத்தம் கொடுத்தேன். மீட்டர் முள் கண்ணெதிரே இறங்கியது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவிக்கொண்டே போனேன். ஃப்ளைவீல் பக்கத்து சீலைச் சுற்றிப் பொடிப் பொடியாக நுரை எழுந்தது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழலை வளைத்தால் மடிப்பில் மயிரிழை வெடிப்பு, அங்கேயும் நுரை. கிளட்ச் பக்கத்து சீலில் நுரை இல்லை. பம்பைத் திருப்பி வெற்றிடமும் வைத்துப் பார்த்தேன். சீலின் உதடு வெளியே தள்ளும்போது அடைத்துக்கொண்டு, உள்ளே இழுக்கும்போது வாய் திறக்கும் என்பதால் இரண்டையும் பார்ப்பது அவசியம். கிளட்ச் பக்கம் அதிலும் தாக்குப் பிடித்தது.

கார்புரேட்டரைத் திறந்தால் டயஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு காய்ந்த இலையாக மொடமொடத்தது. பெட்ரோல் குழாயை வளைத்ததும் கையிலேயே முறிந்தது. எண்ணெய்த் தொட்டியில் கறுத்துப்போன பழைய கார் எண்ணெய். பாரில் செயின் ஓடும் பள்ளம் முழுக்க அந்தச் சேறு.

முடிவுகளும் காரணங்களும்

தலைவரும் இளைஞர் அணிப் பொறுப்பாளரும் பெரியவரும் பட்டறைக்கு வந்தார்கள். மேசைமேல் பிரித்துப் போட்ட பாகங்களைக் காட்டிப் பேசினோம்.

முதல் முடிவு பெரிய ரம்பத்தைப் பற்றியது, அதுவே கடினமானது. புதுச் செயின் போட்டால் அது ஓடும். பொறுப்பாளருக்கு அதில்தான் ஆசை, பெரியவருக்கும்தான்.

"தம்பி, நாங்க பிரேக்கு இல்லாமத்தான் இந்தக் காட்டையே அறுத்தோம்" என்றார் பெரியவர்.

"உண்மைதான் ஐயா. எப்ப எகிறும்னு உங்க கைக்குத் தெரியும். இந்தப் பசங்க வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிறாங்க" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தன்னோடு வேலை செய்தவர்களில் தொடையில் வெட்டு வாங்கியவர்கள் யார் யார், முகத்தில் வாங்கியவர் யார் என்று அவரே ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். நான் சொல்வதை இரண்டு முறை கேட்டுத்தான் அவரால் பதில் சொல்ல முடிந்தது. காதும் அந்த வேலையில் போனதுதான் என்றார். வேலையிடங்களுக்கான மலேசியாவின் 2019 இரைச்சல் விதிகள் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று வரம்பு வைக்கின்றன. 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். பெட்ரோல் செயின்சா 100ஐத் தாண்டும். அவர் காலத்தில் காதில் பஞ்சுகூட வைத்ததில்லை.

பெரிய ரம்பத்தை அறுப்பிலிருந்து விலக்குவது என்று முடிவானது. அதைச் சொன்னவர் பெரியவர்தான். நானோ தலைவரோ சொல்லியிருந்தால் இளைஞர்கள் அரைமனதாக ஏற்றிருப்பார்கள். பாரையும் செயினையும் கழற்றித் தலைவர் வீட்டில் வைத்தார்கள். இன்ஜின் ஸ்டோரில் இருக்கும்.

இரண்டாவது, நடுத்தர ரம்பத்துக்குச் செலவு செய்யும் வரிசை. பணம் பற்றாமல் போனால் எதை விடுவது என்று பொறுப்பாளர் கேட்டார். பிரேக் பட்டை, முன்கைக் காப்பு, செயின் கொக்கி முதலில், பிறகு சீலும் ரப்பர் குழலும், பிஸ்டன் கடைசியில் என்றேன். பிஸ்டன் இல்லாவிட்டால் ரம்பம் ஓடாது, அவ்வளவுதான். பிரேக் இல்லாமல் ஓடினால் ஆள் போகலாம். புது ரம்பமே வாங்கிவிடலாமா என்றும் யோசித்தோம். பாகங்களின் விலையைக் கூட்டியபோது, அதே தரத்துப் புது ரம்பத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தது. நான் கூலி வாங்கவில்லை, அதையும் கணக்கில் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கூலியும் கொடுத்திருந்தால் முடிவு அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

சிலிண்டர் சுவரில் அலுமினியம் ஒட்டியிருந்தது, ஆனால் உள்பூச்சு உரியவில்லை. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் தடவினேன். நுரைத்துக் கரைந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவினேன். விரல் நகத்தால் இழுத்தபோது எங்கும் தட்டவில்லை. பூச்சு உரிந்திருந்தால் சிலிண்டரையும் மாற்ற வேண்டியிருக்கும், கணக்கே வேறாகியிருக்கும்.

கிளட்சைக் கழற்றுவதற்கு, பிளக் துவாரம் வழியாகக் கயிற்றை மடித்து உள்ளே விட்டுப் பிஸ்டனை நிறுத்திக்கொண்டேன். இரும்புக் கம்பியை விட்டு நிறுத்தினால் பிஸ்டன் தலை குழியும். கிளட்ச் மரை பெரும்பாலான ரம்பங்களில் எதிர்மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முறுக்கிக் கிராங்க் முனையை உடைத்த ரம்பங்கள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. ஃப்ளைவீல் பக்கத்து சீல் கடையில் கிடைத்தது. கிளட்ச் பக்கத்து சீல் இருப்பில் இல்லை, வரப் பல வாரம் ஆகும் என்றார்கள். சோதனையில் தாக்குப் பிடித்ததால் பழையதையே விட்டு, திருவிழாவுக்குப் பிறகு மீண்டும் சோதிப்பது என்று தலைவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினேன்.

கார்புரேட்டரைக் காதால் சரிசெய்தேன். முழு வேகத்தில் சுமை இல்லாமல் வைத்தால் சத்தம் சற்றுக் கரகரத்து விட்டுவிட்டு வர வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சீராக வேண்டும். சுமை இல்லாதபோதே சீராகக் கத்தினால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தை இளைஞர்கள் இருவரைப் பக்கத்தில் நிற்கவைத்துக் கேட்கவைத்தேன். அதன் பிறகு அந்தத் திருகை யாரும் தொடக்கூடாது என்பது நிபந்தனை. எண்ணெய் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி, அதாவது 40க்கு 1. புதுப் பிஸ்டன் என்பதால் 50க்கு 1 என்ற அளவைவிடக் கொஞ்சம் தாராளம். பாருக்குக் கறுப்பு எண்ணெய் வேண்டாம், புது எஸ்ஏஇ 30 தர எண்ணெய் போதும் என்றேன். பழைய கார் எண்ணெயில் உலோகத்தூள் இருக்கும், தோலுக்கும் கேடு. அம்மனுக்கு வளர்க்கும் நெருப்பில் அதன் சொட்டு படிந்த விறகு போவதில் தலைவருக்கும் சம்மதமில்லை.

கடைசியாகப் பிரேக் சோதனை. இன்ஜினை அணைத்து, மரக்கட்டைக்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் பார் இருக்கும்படி ரம்பத்தைப் பிடித்து, முன்பக்கப் பிடியை மட்டும் விட்டேன். மூக்கு கட்டையில் மோதிய அதிர்ச்சியிலேயே காப்பு தானாக முன்னால் சாய்ந்து பிரேக் பிடித்தது. ஓடவிட்டு முழு வேகத்தில் மணிக்கட்டால் தள்ளியபோதும் செயின் சட்டென்று நின்றது. இந்தச் சோதனையை அறுப்பு நாள் ஒவ்வொன்றிலும் காலையில் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அறுப்பு

தைப்பூசக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகுதான் வேலை மறுபடி தொடங்கியது. ரம்பம் பிடிப்பவர்கள் இரண்டு பேர் மட்டும். அன்று சட்டைத் தோள் கிழிந்தவர் அதில் ஒருவராக இருக்க விரும்பினார். அவருடைய அம்மா மறுத்தார். தலைவர் அம்மாவின் பேச்சையே எடுத்துக்கொண்டார். அந்த இளைஞர் விறகு பிளக்கும் பக்கம் போனார்.

முக மூடியுள்ள ஹெல்மெட், காது மூடி, பூட்ஸ், தொடையை மறைக்கும் பாதுகாப்புக் கால்சட்டை ஆகியவற்றுக்கு உபயதாரர் ஒருவர் பணம் தந்தார். அந்தக் கால்சட்டைக்குள் நீள இழைகள் திணிக்கப்பட்டிருக்கும். செயின் பட்டால் இழைகள் உருவிப் பல்சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்தும். நம் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் அறுப்பு காலை ஏழரையிலிருந்து பத்தரை வரை மட்டும், இருவரும் மாறி மாறி.

குவியலில் அறுப்பது அடியோடு நின்றது. ஒவ்வொரு மரத்தையும் சங்கிலி கட்டி இழுத்து, தடித்த பலகையால் செய்த மரத்தாங்கியில் ஏற்றினார்கள். பாரின் மூக்கு எதிலும் படாதபடி அந்தப் பக்கம் எப்போதும் காலியாக இருக்கும். நீளமானவற்றைத் தரையில் வைத்து அறுக்க நேர்ந்தபோது பெரியவர் அருகில் நின்றார். மரம் எந்தப் பக்கம் அழுந்தியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கினால், மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டுக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் இருந்தால் கீழே முதலில். மாற்றிச் செய்தால் பார் இறுகிக்கொள்ளும். சுண்ணாம்புக் கட்டியால் மரத்தில் கோடு போட்டு எண் எழுதிக்கொண்டே போனார். அந்தக் கோட்டைப் பார்த்தே இளைஞர்கள் அறுத்தார்கள்.

இந்த மரங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பால் வடிவதற்கு அடித்த தகரப் பீலியும், பால் பிடிக்கும் மங்கு மாட்டிய கம்பியும் பல ஆண்டுகளில் பட்டைக்குள் புதைந்துபோயிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. முதல் நாளே செயின் ஒரு பீலியில் பட்டுத் தீப்பொறி பறந்தது. அதோடு சில்லு விழுவது நின்று மாவாக விழுந்தது. மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பது இன்ஜினையும் கெடுக்கும், ஆளையும் களைப்பாக்கும். பெரியவர் மரத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்துப் பீலி இருக்கக்கூடிய உயரத்தைக் கைவிரித்து அளந்து காட்டினார். அந்த இடத்தில் பட்டையை உளியால் செதுக்கிப் பார்த்துவிட்டு அறுத்தார்கள். அதற்கப்புறமும் ஒன்றிரண்டு தப்பின.

செயினைத் தீட்டியதும் அவரே. 5.2 மில்லிமீட்டர் வட்ட அரம், 30 பாகைச் சாய்வு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. பல்லுக்கு முன்னுள்ள முட்டுகளை ராவும் வேலையை மட்டும் நான் அளவுத்தகடு வைத்துச் செய்யச் சொன்னேன். இந்த 3/8 அங்குலச் செயினுக்கு 0.65 மில்லிமீட்டர். தகடு இல்லாமலேயே தனக்குத் தெரியும் என்றார். அவர் தீட்டியதில் தகடு வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. ஆனாலும் தகட்டை இளைஞர்களுக்காகச் செயின் பெட்டியிலேயே கட்டிவைத்தோம்.

விறகை இரண்டடி நீளத்தில் துண்டாக்கி, கை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, சிங் (தகரம்) கூரையின் கீழ்த் தரையில் படாமல் அடுக்கினார்கள். பருமன் ஏன் என்றால், பூக்குழி நெருப்பு முழுக்கக் கங்காக வேண்டும். தடித்த கட்டையின் நடு வேகாமல் நின்றால் அது கொள்ளிக்கட்டையாகக் குழிக்குள் கிடக்கும், சமமாகப் பரப்ப முடியாது. இறங்குகிறவர்களின் பாதத்தில் அது குத்தும்.

ரம்பத்தால் ஒருவருக்கும் காயம் இல்லை. கோடாலியால் விரல் நசுங்கியவர் ஒருவர். அவருக்குத் தையல் தேவைப்பட்டது. ரம்பத்தைச் சுற்றிப் போட்ட கட்டுப்பாடு பிளக்கும் பக்கத்துக்குப் போய்ச் சேரவில்லை. இந்த நிகழ்வில் விடுபட்டது அதுதான்.

பூக்குழியில்

சித்திரை தொடங்கியதும் மாலை மழை வந்துவிட்டது. சிங் கூரையின் ஓரத்தில் இருந்த அடுக்கு சாரலில் நனைந்தது. தலைவர் அதைத் தனியே ஒதுக்கிச் சமையலுக்கு அனுப்பினார். நடுவில் இருந்த காய்ந்த விறகு மட்டும் குழிக்குப் போனது. ரப்பர் விறகு பிளந்து காய்ந்தால் நன்றாகப் பற்றும். அன்று புகை குறைவாக இருந்ததைக் குழியைக் கவனித்துக்கொண்ட பெரியவர்கள் சொன்னார்கள். நீள மூங்கிலால் தட்டிப் பரப்பியபோது ஒதுக்கி எடுக்க வேண்டிய கொள்ளிகள் முந்தைய ஆண்டைவிட மிகக் குறைவு. சட்டைத் தோள் கிழிந்த இளைஞர் அன்று காப்புக் கட்டி இறங்கினார்.

பிறகு செய்ததும் மாற்றியதும்

திருவிழா முடிந்த வாரம் ரம்பத்தை மறுபடி பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பிஸ்டன் சுத்தமாக இருந்தது, பிளக் முனை காப்பி நிறம். கம்ப்ரஷன் குறையவில்லை. ஆனால் கைப்பம்பை வைத்தபோது, கிளட்ச் பக்கத்துப் பழைய சீலில் வெற்றிடம் நிற்கவில்லை. இன்னும் ஒரு பருவம் அப்படியே ஓட்டியிருந்தால் புதுப் பிஸ்டனும் பழையதன் வழியே போயிருக்கும். இப்போது இப்படிப்பட்ட பழைய ரம்பம் வந்தால், இரண்டு சீலும் கைக்கு வந்த பிறகே இன்ஜினைத் திறக்கிறேன். ஒன்று சோதனையில் தேறினாலும், அதே வயதுதான் இரண்டுக்கும்.

கோயில் பக்கம் சில மாற்றங்கள். ஸ்டோர் சாவி தலைவரிடமும் ரம்பம் பிடிக்கும் இருவரிடமும் மட்டும். பிரேக் சோதனை, செயின் தீட்டிய நாள், கலவை அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். கோடாலி வேலைக்கும் பூட்ஸும் கையுறையும் கட்டாயம், பிளப்பவருக்கும் அடுக்குபவருக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். விறகைப் பொங்கலுக்குப் பிறகு அல்ல, மார்கழி முடிவதற்குள்ளேயே வரவழைப்பது என்றும், சிங் கூரையை ஓரங்களில் நீட்டுவது என்றும் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தார்கள். வேலை முடிந்ததும் தொட்டியில் பெட்ரோலை விட்டுவைக்காமல், காலி செய்து இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டுத்தான் ரம்பத்தை உள்ளே வைக்கிறார்கள். டயஃப்ரமும் குழாயும் கெட்டது பெரும்பாலும் தேங்கிய பெட்ரோலால்தான்.

பெரிய ரம்பத்தை விற்றுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வாங்குபவர் அதற்குச் செயின் மாட்டி ஓட்டத்தானே போகிறார் என்று தலைவர் மறுத்துவிட்டார். பாரும் செயினும் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கின்றன. நடுத்தர ரம்பத்துக்கு உரிய கிளட்ச் பக்கத்து சீல் வந்துவிட்டது. அடுத்த லோரி மரம் இறங்குவதற்கு முன் மாட்டி, அழுத்தச் சோதனையை முழுதாக ஒருமுறை மீண்டும் செய்து கொடுக்க வேண்டும்.